சினிமா எடிட்டரிடம் கேளுங்கள்: கடத்தியவன், கட்டுண்டவள், நடுவில் நாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆள்கடத்தல் படங்களைப் பற்றியவை. ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், சமீபத்தில் நானும் நண்பனும் ஒரு கடத்தல் படம் பார்த்தோம். பெண்ணைத் தூக்கியது யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். "இனிமேல் என்ன இருக்கு?" என்று நண்பன் செல்போனை எடுத்துவிட்டான். எனக்கோ அதற்கப்புறம்தான் கை சில்லிட்டது. யார் பார்த்தது சரி?
(கரூரிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் பார்த்ததுதான். உங்கள் நண்பர் "யார்?" என்ற கேள்விக்காக உட்கார்ந்திருந்தார். பதில் வந்ததும் அவருக்கு வேலை முடிந்துவிட்டது. படமோ வேறொரு கேள்வியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. நமக்குத் தெரிந்தது அவளுக்கு எப்போது தெரியும்? அதற்குள் நேரம் இருக்குமா?

1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கை உட்காரவைத்து நாள்கணக்கில் பேட்டி எடுத்தார். அதில் வரும் மேஜை வெடிகுண்டு உதாரணத்தைத் திரைக்கதை வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். இரண்டு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டை ஒருவன் வைப்பதை முதலிலேயே காட்டி, ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால் என்று காட்டினால், அந்த வெற்றுப் பேச்சே 15 நிமிடம் நம்மை ஆட்டிவைக்கும்.

வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்தது. அந்த இரண்டு பேர் நல்லவர்களா, கெட்டவர்களா? ஹிட்ச்காக் சொல்லவே இல்லை. அதே பேட்டியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்தார்களே, அந்தச் சம்பவத்தைப் படமாக்கினால்கூட, பார்ப்பவர் "நல்லா வேணும்" என்று சொல்லமாட்டார், "பாத்து, அங்க குண்டு இருக்கு!" என்றுதான் நினைப்பார் என்கிறார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஒருவனுக்குத் தெரியாத ஆபத்து நமக்குத் தெரிந்துவிட்டால் போதும், அவன் யாராக இருந்தாலும் ஒரு கணம் அவனுக்குக் காவலாக மாறிவிடுகிறோம். கடத்தல் படம் எடுக்கிற எல்லோரும் கையில் வைத்திருப்பது இந்த ஆயுதம்தான். இதை யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் படத்துக்குப் படம் வித்தியாசம்.

ஹிட்ச்காக்குக்கே இதில் கை சுட்டிருக்கிறது. 1936-ல் வந்த 'சபோடாஜ்' படத்தில் ஒரு சின்னப் பையன் ஃபிலிம் டப்பாக்களையும் ஒரு பார்சலையும் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறான். பார்சலில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும். அவன் தாமதமாகிக்கொண்டே இருக்கிறான், பேருந்தில் ஏறுகிறான், குண்டு வெடித்துவிடுகிறது. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தப் பையனைச் சாகடித்தது தப்பு என்று த்ரூஃபோவிடம் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் பையனை நம் பொறுப்பில் விட்டுவிட்டு, கடைசியில் நம் கையாலாகாத்தனத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டாரே என்ற கோபம் அது.

உங்கள் நண்பருக்கு 'ஸ்பூர்லூஸ்' என்ற டச்சுப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 1988-ல் ஜார்ஜ் ஸ்லூய்சர் எடுத்தது. பிரான்சுக்குச் சுற்றுலா போன ஒரு ஜோடி பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறது. குடிக்க வாங்கிவரப் போன பெண் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்திலேயே கதை, தூக்கியவனிடம் போய்விடுகிறது. அவன் ஒரு வேதியியல் ஆசிரியர், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளவன். அவன் ஒத்திகை பார்க்கிறான். குளோரோஃபார்மைத் தன்மேலேயே சோதித்துக் கடிகாரம் பார்க்கிறான், நாடியைப் பிடித்து எண்ணிக் குறித்துவைக்கிறான், சொதப்புகிறான். அவன் சொதப்பும்போது நமக்குள் "ஐயோ, இப்படிச் செய்திருக்கலாமே" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல் நம்முடையதா என்று திடுக்கிடுவோம். காணாமல் போனவளுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் கடைசி வரை பூட்டி வைத்திருக்கிறார்கள். அவள் காதலனைப் போலவே நாமும் அதற்காகத் தவிக்கிறோம். யார் என்பதை முதலிலேயே கொடுத்துவிட்டு, என்ன என்பதை மறைத்த படம். முடிவை நான் சொல்லமாட்டேன்.

'குணா' பார்க்கும்போது கடத்தியவனுக்காக அழுதேன். அதே சம்பவம் பேப்பரில் செய்தியாக வந்தால் அவனை ஜெயிலில் தள்ளு என்பேன். எனக்கு ரெட்டை நாக்கா மேடம்?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

இல்லையம்மா. பேப்பரில் உங்களுக்கு முதலில் கிடைப்பது குற்றம். ஆளைப் பற்றி அப்புறம்தான் தெரியும், பல சமயம் தெரியாமலே போகும். 'குணா'வில் (1991) அது தலைகீழ். ஒரு பெண்ணை அவன் தூக்குவதற்கு வெகு முன்பே மனநல மருத்துவமனைச் சுவருக்குள் அவனைப் பார்த்துவிட்டோம். அவன் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது, அந்த வீட்டை அவன் எவ்வளவு வெறுக்கிறான், தன் கனவுப் பெண்ணான அபிராமி ஒருநாள் வருவாள் என்று எப்படி நம்பிக்கொண்டிருக்கிறான், எல்லாம் நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: யாரோ ஒருவன் தன்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறான்.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். அவளுடைய பயம் முழுக்க நியாயமானது. ஆனால் "இவன் அவளை ஒன்றும் செய்யமாட்டான்" என்று நமக்கு முன்பே தெரிந்துவிட்டதால், அவள் பயத்தை ஏதோ தவறான புரிதல் மாதிரி பார்க்கிறோம். அவள் கத்தும்போது "கொஞ்சம் பொறும்மா, அவன் நல்லவன்" என்று சமாதானம் சொல்ல வாய் வருகிறது. போதாததற்கு, போஸ்டரிலேயே கமல்ஹாசன் முகம். பெரிய நட்சத்திரம் நடிக்கிறார் என்பதே டிக்கெட் வாங்கும்போது கிடைத்துவிடுகிற முன்தகவல். முகம் தெரியாத ஒரு நடிகர் அதே வேலையைச் செய்திருந்தால் நாம் இவ்வளவு தாராளமாக இருந்திருப்போமா? படத்தின் அழகைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் அது மிகவும் பிடித்த படம். அந்த அழகு எந்த வரிசையில் கட்டப்பட்டது என்று சொல்கிறேன்.

எடிட்டிங் மேஜையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு படம், பெயர் வேண்டாம். கடத்துகிறவன் மருந்துக்கடை வாசலில் அம்மாவின் மாத்திரைக்குச் சில்லறை எண்ணும் ஒரு சின்ன ஷாட் இருந்தது. முதல் ரஃப் கட்டில், அதாவது முதலில் தோராயமாக வெட்டி ஒட்டிய வடிவத்தில், அது கடத்தலுக்குப் பிறகு வந்தது. போட்டுக் காட்டியபோது அறையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "இப்ப என்ன சாக்கு சொல்றான்" என்றார் ஒருவர். அதே ஷாட்டைக் கடத்தலுக்கு முன்னால் கொண்டுபோய் ஒட்டினோம். வேன் செக்போஸ்ட்டில் நிற்கும் இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், போலீஸ் பின்கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று! பின்னால் ஒரு குழந்தை கட்டப்பட்டுக் கிடக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஷாட் அதேதான், நடிகர் அவர்தான், ஒரு ஃப்ரேம்கூடக் கூட்டவில்லை. குற்றத்துக்கு முன் சொன்னால் காரணம், பின் சொன்னால் சாக்கு. அந்த வேலையில் எனக்குப் பயம் வந்த முதல் நாள் அது.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இதில் நேர்மையான படம் என்பேன். பிரதாப் போத்தன் செய்த பாத்திரம் கொலைகாரன் என்பதை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். சின்ன வயதில் அவன் அம்மா பட்ட பாடும் பிறகு தெரிகிறது. ஊட்டி வீட்டில் ஷோபாவை அடைத்துவைத்து, கிதாரோடு 'என் இனிய பொன் நிலாவே' பாடுகிறான். இளையராஜா இசை, ஜேசுதாஸ் குரல். காதில் விழுவது காதல் பாட்டு. ஆனால் அவன் கையால் நடந்த கொலைகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். பாட்டு இனிக்க இனிக்க எனக்கு வயிற்றைப் பிசையும். அவன்மேல் இரக்கம் வருகிறது, அவள் அங்கிருந்து தப்பவேண்டும் என்ற தவிப்பு அதனால் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ரேடியோவில் அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒருமுறை படத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இந்த விஷயத்தில் என் குரு ஜப்பானிய இயக்குநர் குரோசாவாதான். 1963-ல் வந்த படம், 'சொர்க்கமும் நரகமும்' என்பது அதன் ஜப்பானியப் பெயரின் பொருள். யோகோஹாமாவில் மலைமேல் வீடு கட்டி வாழும் கோண்டோ ஒரு செருப்புக் கம்பெனி நிர்வாகி. கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவர வீடு வாசல் எல்லாவற்றையும் அடகு வைத்துப் பணம் திரட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் போன் வருகிறது: உன் மகன் என்னிடம் இருக்கிறான், 3 கோடி யென் வேண்டும். பார்த்தால் மகன் வீட்டில்தான் இருக்கிறான். ஆள் மாறி, டிரைவரின் மகனைத் தூக்கிவிட்டான். அடுத்தவர் பிள்ளைக்காகத் தன் வாழ்க்கையையே தூக்கிக் கொடுப்பாரா கோண்டோ? படத்தின் முதல் பகுதி கிட்டத்தட்ட முழுக்க அந்த ஹாலுக்குள்ளேயே நடக்கிறது. கடத்தியவனுக்கு முகமே கிடையாது, குரல் மட்டும். அதனால் நம் இரக்கம் முழுவதும் கோண்டோவிடமும், ஹால் ஓரத்தில் தலை குனிந்து நிற்கும் டிரைவரிடமும் இருக்கிறது. அந்த டிரைவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

ஓடும் ரயிலின் கழிவறை ஜன்னல் வழியாகப் பணப்பை போகிறது, பையன் கிடைக்கிறான். சாதாரண இயக்குநர் இனிமேல் போலீஸோடு போவார், அவனைக் கடைசியில் காட்டுவார். குரோசாவா அப்படிச் செய்யவில்லை. மலையடிவாரத்தில் ஓடும் அழுக்குத் தண்ணீரில் முதலில் அவன் பிம்பத்தைக் காட்டுகிறார், அப்புறம் அவனை. அவன் அறைக்குப் போகிறான். ஜன்னலில் நிமிர்ந்து பார்த்தால் கோண்டோவின் வீடு. ஒரு வசனம் இல்லாமல் காரணம் பாதி புரிந்துவிடுகிறது. போலீஸுக்கு இன்னும் தெரியாது, நமக்குத் தெரியும்.

சரி, இனி அவன்மேல் இரக்கம் வழியும் என்று நினைத்தால், அடுத்து அவன் செய்வதையும் மறைக்காமல் காட்டுகிறார். அவன் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவன். கூட்டாளிகளைத் தூய ஹெராயின் கொடுத்துக் கொன்றிருக்கிறான். இன்னொரு முறை கொல்லத் தயாராகும்போது மருந்தின் வீரியத்தைச் சோதிக்க, போதைக்கு அடிமையான ஓர் ஏழைப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கிறான், அவள் சாகிறாள். அந்த நேரத்தில் போலீஸ் அவனைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறது. வெறும் கடத்தல் வழக்கு என்றால் மரண தண்டனை கிடைக்காது என்பதால், பெரிய குற்றத்தில் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று விட்டுப்பிடிக்கிறார்கள். இப்போது முன்கூட்டித் தெரிந்தவர்களின் பட்டியலில் போலீஸும் சேர்ந்துவிட்டது, தெரிந்தும் சும்மா இருந்த நாமும் சேர்ந்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்காக யார் அழுதோம்? நான் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் தைப்பது அவள்தான்.

கடைசியில் சிறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோண்டோவும் அவனும் உட்கார்கிறார்கள். குளிர்காலத்தில் குளிரும் வெயில்காலத்தில் புழுங்கும் தன் அறையைப் பற்றியும், அங்கிருந்து பார்க்கும்போது சொர்க்கமாகத் தெரிந்த வீட்டைப் பற்றியும் அவன் சொல்கிறான். இதை ஆரம்பத்தில் சொல்லியிருந்தால் அவன் ஏழைகளின் நாயகன் ஆகியிருப்பான். எல்லாம் நடந்தபிறகு வைத்ததால், அவனை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுத்துத் தள்ளவும் முடியவில்லை.

படத்தின் முடிவை யாராவது முன்பே சொல்லிவிட்டால் படம் கெட்டுவிடுகிறதா?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

சில படங்கள் கெடும். 1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். அங்கே வரிசைதான் எல்லாமே. கொலையானவளின் காரை ஓர் இளைஞன் சதுப்பில் தள்ளும்போது அது பாதியில் நின்றுவிடும். "முழுகிடு" என்று நாமும் அந்தப் பையனோடு சேர்ந்து வேண்டிக்கொள்வோம். அம்மா செய்த கொலையை மறைக்கப் பாடுபடும் மகன் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதால் வரும் இரக்கம் அது. முடிவைத் தெரிந்துகொண்டு போனவருக்கு அந்த இடமே கிடைக்காது. இயக்குநர் அளந்து கொடுக்கும் தகவல் வேறு, வாட்ஸப்பில் நண்பர் கொட்டும் தகவல் வேறு.

மேடம், முன்பே தெரிந்தால் இரக்கம் மாறும் என்று சொல்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ராமாயணத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? அதுவும் ஒரு கடத்தல் கதைதானே?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. கம்பனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு முடிவு தெரியும். ராவணன் சாவான், சீதை மீள்வாள். அதனால் கம்பன் "என்ன ஆகும்" என்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் யார் மனசுக்குள் நம்மை உட்காரவைப்பது என்பதில் வேலை செய்கிறான்.

முதலில் கடத்தியவன். சீதையைத் தூக்குவதற்கு முன்பே, மாரீசன் வதைப் படலத்தில், ராவணன் படும் காமநோயை நீட்டி நீட்டிப் பாடுகிறான். பருவத்தை மாற்று, நிலவைக் கொண்டுவா, அது சுடுகிறது, அதை அனுப்பிவிட்டுச் சூரியனைக் கூப்பிடு என்று அவன் புரள்கிறான். உலகத்தையே ஆட்டிவைப்பவன் தன் உடம்புக்கு முன்னால் தோற்றுக் கிடக்கிறான். நான் மேலே சொன்ன மருந்துக்கடை ஷாட் மாதிரி, குற்றத்துக்கு முன்னால் வைத்த வேதனை.

ஆனால் கம்பன் அங்கே நிற்கவில்லை. அசோகவனத்துக்கு வரும்போது ராவணன் வந்து கெஞ்சுவதற்கு முன்பே அனுமனைக் கொண்டுவந்து ஒளித்து வைத்துவிடுகிறான். காட்சிப் படலத்தில் அனுமன் கண்ணால் சீதையைப் பார்க்கிறோம். அடுத்தது நிந்தனைப் படலம். ராவணன் வருகிறான், இறைஞ்சுகிறான், மிரட்டுகிறான். சீதை அவனைத் துரும்பாக மதித்துப் பேசுகிறாள். மறைவில் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பது ராவணனுக்கும் தெரியாது, சீதைக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். துணைக்கு ஒரு ஆளும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் அவ்வளவு துணிச்சலாகப் பேசுகிறாள் பாருங்கள்! அனுமன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சுக்குப் பாதி மதிப்புதான். அப்புறம் உருக்காட்டு படலத்தில் அவள் உயிரை விட்டுவிடத் துணிகிறாள். "கொஞ்சம் பொறு தாயே, உன் பக்கத்திலேயே இருக்கிறான்" என்று கேட்பவர் நெஞ்சு பதறும். உபன்யாசத்தில் முடிவு தெரிந்த பாட்டிகள் அந்த இடத்தில் கண்ணைத் துடைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வால்மீகியில் ஒரு கெடுவும் உண்டு. 12 மாதம் என்று சொன்ன ராவணன், அசோகவனத்தில் இன்னும் 2 மாதம்தான் பாக்கி என்கிறான். ஹிட்ச்காக்கின் சுவர்க் கடிகாரம்தான் அது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அடைபட்டுக் கிடக்கும் சீதை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? "அருந்தும் மெல் அடகு ஆர் இட அருந்தும் என்று அழுங்கும்" என்கிறான் கம்பன். கீரை உணவை இப்போது யார் பரிமாற ராமன் சாப்பிடுவான் என்று வருந்துகிறாள். விருந்தாளி வந்தால் அவன் என்ன பாடுபடுவான் என்று விம்முகிறாள். சிறைக்குள் இருப்பவளுக்கு வெளியே ஒரு முழு வீட்டையே கொடுத்துவிட்டான். ராவணனின் புலம்பலை அவ்வளவு நேரம் கேட்டபிறகும் நாம் அவன் பக்கம் சாயாமல் இருப்பதற்கு இந்த இரண்டு வரி போதும்.

த்ரில்லர்களில் கடத்தப்பட்ட பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். பாவமாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடுகிறது. வில்லன் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறேன். எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

குற்றம் எழுதியவருடையது. கட்டுண்டவளுக்கு ஒன்றுமே தெரியாது, அவளைப் பற்றி நமக்கும் ஒன்றுமே தெரியாது, அவனைப் பற்றி மட்டும் எல்லாம் தெரியும் என்று வைத்தால் கண் அவனிடம்தான் போகும். சிறைப்பட்டவருக்கு ஒரு ரகசியம் கொடுக்கவேண்டும். அடைத்தவனுக்குத் தெரியாத, நமக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. அது வந்த உடனே நாம் அறைக்குள் போய்விடுவோம்.

'மிஸரி' (1990) படத்தில் கால் உடைந்து படுக்கையில் கிடக்கும் எழுத்தாளர், தன்னை அடைத்துவைத்திருக்கும் ரசிகை கொடுக்கும் வலி மாத்திரைகளை முழுங்காமல் மெத்தைக்குள் சேர்த்துவைக்கிறார். அவள் வெளியே போனபோது சக்கர நாற்காலியில் வீட்டைச் சுற்றிவருகிறார். ஒரு பீங்கான் பென்குயின் பொம்மை தடுமாறுகிறது, பிடித்து வைத்துவிடுகிறார், திசை மாறி. அவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு பொம்மை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்காக இவ்வளவு பயந்ததாக எனக்கு வேறு படம் நினைவில்லை. கேத்தி பேட்ஸ் அந்த ரசிகை வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், மறக்கமுடியாத நடிப்பு. ஆனாலும் படம் அவரிடம் போய்விடாமல், எழுத்தாளராக நடித்த ஜேம்ஸ் கானிடம் நிற்பதற்குக் காரணம் அந்த மாத்திரைகளும் பொம்மையும்தான்.

'ரூம்' (2015) இன்னும் துணிச்சலானது. அடைத்துவைத்தவனுக்கு அதில் கதையே கிடையாது. அந்த அறையிலேயே பிறந்து வளர்ந்த 5 வயதுப் பையன் அலமாரிக்குள்ளிருந்து பலகை இடுக்கு வழியாக அவனைப் பார்க்கிறான், அவ்வளவுதான் நமக்கும். பிறகு அம்மா பையனைக் கம்பளத்தில் சுருட்டி, செத்துவிட்டான் என்று சொல்லி அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறாள். கம்பளத்துக்குள் உயிர் இருப்பது நம் மூவருக்குத்தான் தெரியும்: அம்மா, பிள்ளை, நாம். அந்த டிரக் ஓடும் நிமிடங்களில் யாருக்காவது அலுப்பு வந்திருக்குமா?

'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) படத்தில் கடத்தப்பட்ட பெண்ணின் தாய் தொலைக்காட்சியில் வந்து மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவன் அவளை ஒரு மனுஷியாகப் பார்க்கட்டும் என்பதற்காக. குழிக்குள் இருக்கும் அந்தப் பெண் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை, அவன் செல்ல நாயைத் தந்திரமாகக் குழிக்குள் இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்கிறாள். அந்த நொடியில் அவளுக்கும் பேரம் பேச ஒன்று கிடைத்துவிட்டது.

படங்களில் கடத்தப்பட்டவளுக்குக் கடத்தியவன்மேல் காதல் வருவதைப் பற்றிக் கேட்டால், "ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம், நிஜத்திலேயே நடந்தது" என்கிறார்களே?
(புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

நிஜத்தில் நடந்தது காதல் இல்லை. 1973 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். 4 ஊழியர்கள் பிணை. 6 நாள் நீடித்தது. பிணையாக இருந்த ஓர் இளம்பெண் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடம் தொலைபேசியில் பேசி, போலீஸ் உள்ளே பாய்ந்தால் செத்துப்போவோமே என்றுதான் பயமாக இருக்கிறது, எங்களை இவர்களோடு வெளியே போக விடுங்கள் என்று கேட்டார். வெளியே இருந்தவர்களுக்கு அது வினோதமாகத் தெரிந்தது. நில்ஸ் பெயரோட் என்ற மனநல மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்.

பெட்டக அறைக்குள் இருந்து பாருங்கள். போலீஸ் கூரையில் துளை போடுகிறது, கண்ணீர்ப் புகை வரப்போகிறது, பிணையாக இருப்பவர்களுக்குத் துப்பாக்கி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அந்த இளம்பெண் செய்தது கணக்கு. அவருக்குத் தெரிந்தது வெளியே டிவி பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை நோய் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சாக்காக வைத்துக்கொண்டு, தூக்கிக்கொண்டு போனால் காதல் வரும் என்று படம் எடுப்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நிஜத்தில் நம் பெண்களைப் பின்தொடர்கிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

மேடம், ஒரு பெண்ணை அவள் பழைய முதலாளி அறையில் பூட்டிவைப்பது பற்றி 20 நிமிடக் குறும்படம் எழுதியிருக்கிறேன், கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். அவனுக்கும் ஒரு வலி உண்டு. அந்த ஃப்ளாஷ்பேக்கை எங்கே வைப்பது?
(சென்னையிலிருந்து ஒரு திரைப்படக் கல்லூரி மாணவர்)

முதலில் வைக்காதீர்கள் தம்பி. 20 நிமிடத்தில் அவன் வலியை முதலில் வைத்தால், அவளுக்கு மிச்சம் இருக்கும் நேரத்தில் அவளால் மீளவே முடியாது.

அவளும் நாமும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்வது ஒரு வழி. 'ராவணன்' (2010) படத்தில் கடத்திய வீராவின் தங்கைக்கு நடந்தது, கடத்தப்பட்ட ராகினிக்கும் நமக்கும் சேர்ந்துதான் தெரியவருகிறது. அதனால் அவள் மனம் மாறுவது நம் கண்முன்னே நடக்கிறது, யாரும் அவளை முந்திக்கொண்டு மன்னிப்பு வழங்கவில்லை. படத்தின் பெயரே கதையைச் சொல்லிவிடுவதால், கணவன் ராமன், அவன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போய் உட்காருகிறோம். அந்த எண்ணத்தையும் படம் கடைசியில் பயன்படுத்திக்கொள்கிறது.

சொல்லாமலே விடுவது இன்னொரு வழி. 'பிரிஸனர்ஸ்' (2013) படத்தில் மகளைத் தொலைத்த தகப்பன், சந்தேகப்பட்ட ஓர் இளைஞனை அடைத்துவைத்து அடிக்கிறான். அந்த இளைஞன் குற்றவாளியா என்று நமக்கு நெடுநேரம் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் நாம் யார் பக்கம் என்பதை நாமே முடிவு செய்யவேண்டியிருக்கும். கடினமான வழி, ஆனால் உங்கள் கதைக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது, அந்த முதலாளி தன்னை நியாயவான் என்று நம்புகிறான் என எழுதியிருப்பதால்.

அப்புறம், உங்கள் கதைச் சுருக்கத்தில் கதவுக்கு வெளியே நடக்கும் காட்சிகள் நிறைய. அவன் சாவியை எங்கே வைக்கிறான், யாரிடம் என்ன பொய் சொல்கிறான், எல்லாம் இருக்கிறது. உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்பது இரண்டே வரி. ஷூட்டிங் போகும்போது வெளியே எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் உள்ளே ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள். அவள் ஜன்னல் கம்பியை எண்ணட்டும், அவன் காலடி ஓசையை வைத்து அவன் மனநிலையைக் கண்டுபிடிக்கட்டும், ஒரு ஆணியை எங்கேயாவது ஒளிக்கட்டும். எது வேண்டும் எது வேண்டாம் என்பதை வெட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளாஷ்பேக்கைத் தனியாக ஒட்டாமல் வைத்து, இரண்டு இடத்தில் போட்டு, கதை தெரியாத இரண்டு குழுவுக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். "யார் தப்பிக்கணும்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரஃப் கட்டோடு அந்தக் குறிப்பையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.